பீஸ் எடுத்துக்கிட்டியா?

அக்டோபர் 26, ஞாயிறு

கல்லூரிக் காலத்திலிருந்து ஆங்கிலத்தில்தான் டைரி எழுதி வந்தேன். இந்த ஊருக்கு வந்து பேனாவைத் திறந்தால் கை தானாகத் தமிழில் போகிறது. ஏன் என்று ஆராய வேண்டாம். குளிராக இருக்கலாம்.

அபர்டீன். கட்டிடமெல்லாம் சாம்பல் நிறக் கல், வானமும் அதே நிறம். தெருவில் நடந்தால் தலைக்கு மேலே கடற்பறவைகள், ஒவ்வொன்றும் ஒரு கோழி கனம். கையில் ரொட்டி வைத்திருந்தால் கேட்காமல் பிடுங்கிக்கொண்டு போகின்றன.

பியூலாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நானும் மகள் ஹெப்சியும் அவள் விசாவில் வந்திருக்கிறோம். என் விசாத் தாளில் எனக்குப் போட்டிருக்கும் பெயர் ‘டிபெண்டன்ட்’, பிறரைச் சார்ந்திருப்பவன். பெயர்ச்சொல்லாக வந்தால் கடைசி அசையில் ஆங்கில எழுத்து ‘ஏ’, உரிச்சொல்லாக வந்தால் ‘ஈ’ என்று பாளையங்கோட்டையில் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். இப்போது நானே அந்தப் பெயர்ச்சொல் ஆகிவிட்டேன். ஆசீர் சார் ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறார் என்று சபையில் அறிவிப்பே செய்தார்கள். அதற்கு இங்கே தனிப் பதிவு வேண்டுமாம், அது வரும்போது வரட்டும்.

தோசை மாவு புளிக்கவில்லை. வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் துணிகளோடு துணியாகப் பாத்திரத்தை வைத்திருக்கிறேன். நாளை ஹெப்சிக்குப் பள்ளிக்கூடம்.

அக்டோபர் 27, திங்கள்

ஹெப்சியைக் கொண்டுபோய் விட்டேன். பச்சை ஸ்வெட்டர், இரண்டு சைஸ் பெரிசு. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு.

வாசலில் மஞ்சள் கோட்டுப் போட்ட அம்மாள் ஒருத்தி, பள்ளி உதவியாளர் போல, என்னைப் பார்த்து “ஃபிட் லைக்?” என்றாள். உடம்பைப் பற்றி விசாரிக்கிறாள் என்று நினைத்து, “ஆமாம், தினமும் நடப்பேன்” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ‘சௌக்கியமா’ என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சாம் அது. வீட்டுக்கு வந்து இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காது வரை சூடாகிவிட்டது.

மூன்று மணிக்கு அழைத்துவரப் போனபோது அதே அம்மாள் வந்து ஏதோ படபடவென்று சொன்னாள். மதியச் சாப்பாடு பள்ளியிலேயே கொடுப்பார்கள் என்பது புரிந்தது. நாளையிலிருந்து ‘ப்ளே பீஸ்’ மறக்காமல் கொடுத்தனுப்ப வேண்டும் என்பதும் புரிந்தது. ப்ளே பீஸ் என்றால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். காலையில் அவள் சிரித்தது ஞாபகம் வந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். புரியாமல் தலையாட்டுவது எப்படி என்று இத்தனை வருடம் என் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். இன்று எனக்கு நன்றாகவே வந்தது.

அகராதியைப் புரட்டினேன். பீஸ்: துண்டு, நாணயம், பலகை விளையாட்டில் நகர்த்தும் காய். முன்னால் ‘ப்ளே’ இருக்கிறது. சந்தேகமே இல்லை, விளையாட்டுக் காய்தான். இடைவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் காயைக் கொண்டுவந்து கூடி விளையாடும் போலிருக்கிறது. நல்ல பழக்கம் என்று பியூலாவிடம் சொன்னேன். அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“பீஸுன்னா திங்கிறதா இருக்கும்ங்க. பிரியாணியில பீஸ் இல்லன்னு சண்ட போடுதாங்கல்லா, அந்தப் பீஸு.”

நான் சிரித்துவிட்டேன். “அது நம்மூர் இங்கிலீஷ் பியூலா. லெக் பீஸ் இங்கிலீஷை வச்சுக்கிட்டு இங்க குப்ப கொட்ட முடியாது.”

“சரி, எதுக்கும் அந்தம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க. கேட்டா என்ன, வாயில இருந்து முத்தா உதிந்துரும்?”

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன் போய் ‘பீஸ்’ என்றால் என்ன என்று கேட்கவா? என் சதுரங்கப் பெட்டியைத் திறந்து ஹெப்சியை ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வெள்ளைக் குதிரையை எடுத்தாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

வாசலில் “பீஸ் எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டேன். பாக்கெட்டைத் தட்டிக் காட்டினாள்.

மாலையில், “குதிரைய எல்லாருக்கும் பிடிச்சுதா?” என்றேன்.

“எல்லாரும் பாத்தாங்கப்பா.”

“விளையாடுனியளா?”

“ம்.”

புது இடம், கூச்சம். பழகிவிடுவாள். வந்ததும் வராததுமாக நாலு தோசை சாப்பிட்டாள். ஊரில் ஒரு தோசைக்கே அரை மணி நேரம் கெஞ்ச வேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்

மாவு நன்றாகப் புளித்தது. அலமாரியிலிருந்த துண்டு, சட்டை எல்லாம் அதே வாசனை. பியூலாவின் யூனிஃபார்மும் அங்கேதான் இருந்தது. திட்டு வாங்கினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மதியச் சாப்பாடு எப்படி என்று ஹெப்சியிடம் கேட்டேன். “மக்ரோனில பால் ஊத்துன மாதிரி இருக்குப்பா. உறைக்கவே இல்ல” என்றாள். பாதியைத்தான் சாப்பிடுகிறாளாம். காலையில் அவளுக்கு எப்போதும் இறங்காது. அரை டம்ளர் பாலோடு ஓடிவிடுவாள். வீட்டுக்கு வந்து படியேறும்போதே “பசிக்குப்பா” என்கிறாள். குளிர் பிரதேசத்தில் பசி நன்றாக எடுக்கும் என்று பியூலாவிடம் விளக்கினேன். அவள் ஹெப்சியின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று ஞாபகமாகக் கேட்டேன்: “காயைத் தொலச்சிறலியே?” இல்லையாம். பத்திரமாக வைத்திருக்கிறாளாம். சனிக்கிழமை இரண்டு பேரும் சதுரங்கம் ஆடியபோது மட்டும் குதிரை பெட்டிக்குத் திரும்பியது. அதற்கும் அவள் ஆசையாக ஆடவில்லை.

நவம்பர் 6, வியாழன்

இன்று காலை அவள் குதிரையை எடுக்காமல் கிளம்பினாள். நான்தான் படியில் பின்னாலேயே ஓடி, “பீஸ் எடுத்துக்கலியே!” என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள். எதையும் கவனமாகச் செய்கிற பிள்ளை, இங்கே வந்து மறதி வந்திருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

மனது சரியில்லை.

வெங்காயம் வாங்கப் போனவன் திரும்பும்போது பள்ளிக்கூட வேலியை ஒட்டி வந்தேன். இடைவேளை. மழைத் தூறல். இந்தப் பிள்ளைகள் மழையைச் சட்டை செய்வதில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரோரம் கூட்டமாக நின்று எதையோ தின்றுகொண்டிருந்தார்கள். ஹெப்சி தனியாக மரத்தடியில் நின்றாள், கையில் குதிரை. ஒரு பிள்ளைகூட அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுகூட இல்லை, வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இஸ்லா என்று செம்பட்டை முடிச் சிறுமி ஒருத்தி, ஹெப்சி வாசலில் காட்டியிருக்கிறாள், முதல் நாளிலிருந்து அவள் பேச்சில் அந்தப் பெயர்தான். அவளும் திரும்பி நின்றுதான் தின்றாள்.

ஒதுக்குகிறார்கள். என் பிள்ளையை நிறத்துக்காக ஒதுக்குகிறார்கள். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடத் தோன்றியது, ஆனால் அவள் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்றும் இருந்தது. வீடு வந்து வெங்காயப் பையை வைத்தபோதுதான் பாதி வழியில் பை கிழிந்து வெங்காயம் கொட்டியிருப்பது தெரிந்தது.

நவம்பர் 12, புதன்

நாளை பெற்றோர் சந்திப்பு. பியூலாவுக்கு டியூட்டி, நான் மட்டும் போகிறேன். நல்லதுதான். அவள் இருந்தால் சமாதானம் பேசிவிடுவாள். ஆங்கிலத்தில் பேச வேண்டியதை வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துவிட்டேன். முதல் வாக்கியத்திலேயே மூன்று துணை வாக்கியங்கள். என் மாணவன் எவனாவது எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்குள் எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

வகுப்பாசிரியை மிஸஸ் டூகிட். வயது ஐம்பது இருக்கும், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தேன். என் முதல் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

“ஹெப்சி உங்கள் வழக்கத்தைப் பற்றி எங்களிடம் சொல்லிவிட்டாள். உங்களுக்கு முன்பே போன் செய்திருக்க வேண்டும், மன்னியுங்கள். ஆனால் எங்களால் முடிந்ததைச் செய்திருக்கிறோம்.”

“எங்கள் வழக்கம்” என்று நானும் சொன்னேன். திருப்பிச் சொன்னால் மேலே ஏதாவது வரும் என்ற எண்ணத்தில்தான்.

“மதியத்துக்கு முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது. மற்ற பிள்ளைகள் ப்ளே பீஸ் சாப்பிடும்போது அவள் மனது கஷ்டப்படக் கூடாது அல்லவா? முதல் இரண்டு நாள் இஸ்லா தன் ரொட்டியில் பாதியைக் கொடுக்கப் பார்த்தாளாம். நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன், அது மரியாதை இல்லை, அவள் எதிரில் சாப்பிடாதீர்கள், திரும்பி நின்று சாப்பிடுங்கள் என்று. பிள்ளைகள் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள்.”

சாப்பிடும்போது. பீஸ் சாப்பிடும்போது. அந்த வினைச்சொல் காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு நாள் காலையும் கேட்டுக் கேட்டு நான் கொடுத்தனுப்பியது விளங்கியது. படியேறும்போதே பசிக்கிறது என்றாளே, அதுவும் விளங்கியது.

“ஒன்று கேட்கலாமா?” என்றார் மிஸஸ் டூகிட், குரலைத் தாழ்த்தி. “அந்தச் சின்னக் குதிரை. அதுவும் விரதத்தில் சேர்ந்ததா? யாரும் அதைத் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தை போதும், பீஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் சிரித்திருக்கக்கூட மாட்டார், நல்ல மனுஷி. ஆனால் வரும்போதே நான் ஆங்கில ஆசிரியன் என்று சொல்லிக் கை குலுக்கியிருந்தேன்.

“ஆமாம்” என்றேன். “ஒரு விதத்தில்.”

நாங்கள் மூன்று தலைமுறையாகச் சபைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டு வழக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது கிறிஸ்துமஸ் அன்று மட்டன் பிரியாணி. என் அக்கா மட்டும் வெள்ளிக்கிழமை மதியம் வரை உபவாசம் இருப்பாள். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதென்று ஹெப்சி அதைத்தான் அத்தையிடமிருந்து எடுத்திருக்க வேண்டும்.

மிஸஸ் டூகிட் மகிழ்ந்து போனார். இந்தப் பருவத்தில் வகுப்பில் உணவைப் பற்றித்தான் பாடமாம். மாதக் கடைசி வியாழக்கிழமை வந்து பிள்ளைகளிடம் எங்கள் விரதத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார். அதற்கும் சரி என்றேன்.

வெளியே நடைபாதையில் ஹெப்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

“மிஸ் என்னப்பா சொன்னாங்க?”

“கணக்குல நீ கெட்டிக்காரியாம்.”

“வேற ஒண்ணும் சொல்லலியா?”

“இல்லியே.”

பெருமூச்சு விட்டாள். எட்டு வயதுப் பிள்ளை விடுகிற பெருமூச்சு இல்லை அது.

நவம்பர் 14, வெள்ளி

இன்றும் குதிரையைத்தான் கொடுத்தனுப்பினேன். நிறுத்தினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

நவம்பர் 17, திங்கள்

காலையில் உப்புமா, முட்டை, பால் எல்லாம் வைத்துக் கட்டாயப்படுத்தினேன். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை, ஓக்காளிக்கிறாள். பியூலா ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கில் இரண்டை ஹெப்சியின் கோட்டுப் பாக்கெட்டில், தவறிப் போய் வைத்த மாதிரி வைத்தேன். மாலையில் பார்த்தால் அப்படியே இருக்கிறது, தூளாகி. எப்படித் தின்பாள்? வகுப்பே முதுகைத் திருப்பிக்கொண்டு அவள் விரதத்துக்குக் காவல் நிற்கிறது. நானும் ஆமாம் போட்டு அதைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சொல்லிவிடத்தான் வேண்டும். ஆனால் இப்போது சொன்னால் இரண்டு பொய்க்குப் பதில் சொல்ல வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

வெட்கத்தில் சாகலாம் என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வோம். இன்று நிஜமாகவே அப்படி இருந்தது.

பியூலாவுக்கு இன்று பகல் டியூட்டி. சாயங்காலம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். தோசையும் தேங்காய்ப் பவுடர் கரைத்த சட்னியும். பியூலாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“கேட்டீங்களா? எங்கூட வேல பாக்குத பிள்ள இன்னைக்கு ‘பீஸ் சாப்பிட்டியா’ன்னு கேக்குதா. என்னன்னு பாத்தா, ரெண்டு பிரட்டுக்கு நடுவுல சீஸ வச்சிருக்கா. அதுதான் பீஸாம்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இன்ட்ரவெல்லுக்குக் கொண்டு போறது ப்ளே பீஸாம். நான் அன்னைக்கே சொன்னேன்லா, பிரியாணி பீஸுன்னு?”

நானும் சிரித்தேன். சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

“அப்போ ஹெப்சிக்கு என்ன குடுத்து விடுதீங்க?”

“அதெல்லாம் அப்பவே மாத்தியாச்சு” என்றேன். “தினமும் குடுத்துதான் விடுதேன்.”

ஹெப்சி தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்தான். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் குதிரையைக் கொடுத்தனுப்புகிறேன் என்பதும் தெரிந்துவிட்டது. பிறகு அம்மா பக்கம் திரும்பி, “ஆமாம்மா, அப்பா டெய்லி குடுத்து விடுதாங்க” என்றாள்.

சட்னி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. அவள் மட்டும் எல்லாவற்றையும் சாப்பிட்டாள், விளிம்பு வரை துடைத்து.

நவம்பர் 21, வெள்ளி

வாசலில் என் கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. அவளே பெட்டியைத் திறந்து குதிரையை எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 24, திங்கள்

வியாழக்கிழமைப் பேச்சுக்குத் தயார் செய்கிறேன். ‘தமிழர்களின் நோன்பு மரபு’. முதல் பத்தி நன்றாக வந்தது. இரண்டாவது அதைவிட நன்றாக வந்தது. பொய்யை இவ்வளவு அழகான ஆங்கிலத்தில் எழுத வருகிறதே என்று எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்து ஹெப்சி இதைக் கேட்க வேண்டும். கேட்டு, ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டும். அதன் பிறகு இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவரை அவள் இடைவேளையில் வாயைத் திறக்க முடியாது.

வடிகட்டிய கோழை நான். இதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இன்னும் நாசூக்காக ஏதாவது சொல் கிடைத்திருக்கும்.

நவம்பர் 27, வியாழன்

காலையில் பியூலா வேலைக்குப் போன பிறகு சீனி தூவிய தோசை சுட்டேன், சின்னதாக, நிறைய. சுருட்டி டப்பாவில் அடுக்கினேன். எதற்கு என்று ஹெப்சி கேட்கவில்லை. நான் கேட்டேன்: “குதிரைய இன்னைக்கு அப்பாட்ட தாரியா?” எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கைச் சூடு அதில் இருந்தது.

பத்து மணிக்கு வகுப்பு. பிள்ளைகள் கம்பளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மிஸஸ் டூகிட் என்னை நல்லபடியாக அறிமுகம் செய்தார். இந்தியாவில் ஆங்கிலம் கற்பித்தவர், இன்று தம் வழக்கத்தைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்றார். ஹெப்சி குனிந்து கம்பளத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. கை அங்கே போனது. குதிரைதான் அகப்பட்டது.

அதை உயர்த்திக் காட்டினேன். “இது சாமி இல்லை” என்றேன். “சதுரங்கக் காய். பீஸ் என்றால் இதுதான் என்று நினைத்தேன்.”

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். துணை வாக்கியம் எதுவும் இல்லாமல் சின்னச் சின்னதாகத்தான் வந்தது.

“எங்களுக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. பீஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. நான் ஆங்கில வாத்தியார். அதனால் ஹெப்சிக்குச் சாப்பாட்டுக்குப் பதில் இதைக் கொடுத்தனுப்பினேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று அவள் உங்களிடம் ஒரு பொய் சொன்னாள். அதே பொய்யை நான் உங்கள் டீச்சரிடம் சொன்னேன். அவள் எனக்காகச் சொன்னாள். நானும் எனக்காகத்தான் சொன்னேன்.”

மிஸஸ் டூகிட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஒரு பையன் களுக்கென்று சிரித்தான், அதைத் தொடர்ந்து நாலைந்து பேர். எந்தச் சிரிப்புக்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அது இவ்வளவுதானா என்றிருந்தது. முடிந்தும் போனது.

ஒரு கை உயர்ந்தது. இஸ்லா.

“அப்படியென்றால், இத்தனை நாளும் அவளுக்குப் பசித்ததா?”

மிஸஸ் டூகிட் ஏதோ சொல்ல வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“ஆமாம்.”

பிள்ளைகள் முன்னால் அழக் கூடாதென்று குனிந்து டப்பாவைத் திறந்தேன். இடைவேளை மணி அடித்ததும் எல்லாரும் சீனித் தோசையைச் சுற்றி மொய்த்தார்கள். இஸ்லா தன் ரொட்டியைப் பிய்த்து ஹெப்சிக்குப் பாதி கொடுத்தாள். தட்டையான ஒரு ரொட்டி அது, உப்பும் வெண்ணெயுமாக. ரவி என்கிறார்கள், நம் ஊர்ப் பையன் பெயர் மாதிரி. ஹெப்சி வாங்கிக்கொண்டாள். ஆனால் என் பக்கம் பார்க்கவில்லை.

மிஸஸ் டூகிட் என்னைத் தனியாக அழைத்து, “நான் முதல் வாரமே உங்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்று பயந்து கேட்காமலே இருந்துவிட்டேன்” என்றார். அவர் முகமும் சிவந்திருந்தது.

மூன்று மணிக்கு இருட்டத் தொடங்கிவிடுகிறது. வீடு திரும்பும் வழியில் இரண்டு தெரு தாண்டியதும் ஹெப்சி அழ ஆரம்பித்தாள்.

“எல்லாரு முன்னாலயும் ஏம்ப்பா சொன்னீங்க?”

“நீ பட்டினி கெடந்தேல்லா, மக்கா.”

“பசி ஒண்ணும் இல்லப்பா. பழகிட்டு.” மூக்கை ஸ்வெட்டரில் துடைத்தாள். “மொத நாளே நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், எங்கப்பா இங்கிலீஷ் டீச்சர், அவங்களுக்குத் தெரியாத இங்கிலீஷே கெடையாதுன்னு. மறுநாள்தான் குதிரைய குடுத்து விட்டீங்க. யாரு குடுத்தான்னு கேட்டாங்க. நான் எப்படிப்பா சொல்வேன்?”

தெரு விளக்கடியில் நின்றுவிட்டேன். அவளும் நின்றாள்.

“வீட்டுல வந்து அப்பாட்ட சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லத்தான் நெனச்சேன். நீங்க டெய்லி ‘பீஸ் எடுத்துக்கிட்டியா’ன்னு கேட்டீங்கள்லா, அப்ப மட்டுந்தான் இங்க வந்து சந்தோஷமா இருந்தீங்க.”

அவள் பையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே என் கையைப் பிடித்தாள்.

பியூலா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவில்லை. பிரியாணிப் பேச்சையும் எடுக்கவில்லை. “எம் பிள்ளைய இப்பிடிப் பட்டினி போட்டீங்களே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் ஹெப்சி பக்கத்தில் படுத்துக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 28, வெள்ளி

பியூலா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்புமுன் ஹெப்சியின் டப்பாவைத் திறந்து பார்த்து, சுருட்டிய தோசையில் இன்னும் கொஞ்சம் சீனி தூவினாள்.

பள்ளி வாசலில் மஞ்சள் கோட்டு அம்மாள் “ஃபிட் லைக்?” என்றாள். திங்கட்கிழமை ‘ஜிம்மீஸ்’ கொடுத்தனுப்ப வேண்டுமாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். உடற்பயிற்சிக் காலணி. அவ்வளவுதான் விஷயம். அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஹெப்சியிடம் வழக்கமான கேள்வியைக் கேட்க இன்றும் எனக்கு நா எழவில்லை. இனி எந்த முகத்தோடு கேட்பது? சும்மா கையை மட்டும் ஆட்டினேன். மைதானத்தில் பாதி தூரம் ஓடியவள் நின்று, திரும்பி, அத்தனை பேருக்கும் நடுவில் தமிழில் கத்தினாள்:

“அப்பா, பீஸ் எடுத்துக்கிட்டேன்!”

வீட்டுக்கு வந்து சதுரங்கப் பெட்டியைத் திறந்தேன், குதிரையைத் துடைத்து உள்ளே வைத்துவிடலாம் என்று. நேற்று கழற்றிப் போட்ட சட்டையில் இல்லை. மேஜையிலும் இல்லை. டப்பாவோடு அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எதற்கு என்று தெரியவில்லை. சாயங்காலம் வந்ததும் கேட்க வேண்டும்.